வெள்ளை வெளிச்சத்தை எடைபோடும் விதம்

பெரியப்பாவின் வயலுக்கு மும்முனை மின்சாரம் பல நாள் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். மோட்டார் போட டார்ச்சோடு வரப்பில் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவருக்கு ஒரு புது எல்இடி டார்ச் வாங்கிக் கொடுத்தேன். அட்டைப்பெட்டியில் லூமென் கணக்கு தாராளமாகப் போட்டிருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் கையில் பழைய குண்டு பல்பு டார்ச்தான் இருந்தது.

“ஏன் பெரியப்பா, புதுசு நல்லா இல்லையா?”

“வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. கண்ணுக்குத்தான் ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. எது சருகு, எது கயிறு, எது பூச்சின்னு தெரியல.”

எங்கள் பக்கம் இராத்திரியில் பாம்பின் பேரைச் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்ன பிறகு அந்த டார்ச்சைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்துப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் வெள்ளைதான். பக்கத்தில் பழைய டார்ச்சையும் அடித்ததும் புதியதன் முகம் மாறிவிட்டது: பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஒரு மெல்லிய பச்சை. அன்றுதான் புரிந்தது, எவ்வளவு வெளிச்சம் என்பதும் எந்த மாதிரி வெளிச்சம் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்துத்தான் டார்ச்சுக்கு எல்இடி தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எல்இடிகள். சென்னை ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் மூன்று பாக்கெட் வாங்கினேன். எல்லாம் 5 மில்லிமீட்டர் வெள்ளை. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து. ஒன்றிரண்டு மட்டும் வாங்காதீர்கள். ஒரே பாக்கெட்டில் இருப்பவையே ஒன்றுபோல் இருக்காது. தொழிற்சாலையில் எல்இடிகள் செய்து முடித்த பிறகு வெளிச்சம், நிறம், வோல்டேஜ் என்று பார்த்துப் பல தட்டுகளாகப் பிரிப்பார்கள். இதற்கு பின்னிங் என்று பெயர். பெரிய வாடிக்கையாளர்கள் தட்டு எண் சொல்லி வாங்குவார்கள். சில்லறைக் கடைக்கு வருவது பெரும்பாலும் எல்லாம் கலந்த சரக்கு. மூன்று பாக்கெட்டுக்கும் அ, ஆ, இ என்று பெயர் வைத்து, ஒவ்வொரு எல்இடியின் காலிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதிவிட்டேன். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் அரை மணி நேரத்தில் எது எது என்று தெரியாமல் போய்விடும்.

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளுக்குள் நீல எல்இடிதான். 450 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியைத் தரும் சின்னச் சில்லு. அதன்மேல் மஞ்சள் பொடி கலந்த பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பங்கைப் பாஸ்பர் விழுங்கி மஞ்சளாகத் திருப்பிக் கொடுக்கும். மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் கண்ணில் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். ஜப்பானில் டொகுஷிமா மாவட்டத்தில் இருக்கும் நிச்சியா நிறுவனம் 1996ல் இந்த முறையில் வெள்ளை எல்இடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படையான நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பரின் கனம் இம்மி கூடினால் வெள்ளை மஞ்சளாகும், இம்மி குறைந்தால் நீலமாகும். பொடியின் சேர்மானம் மாறினால் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கும். சாயல் என்று நாம் தேடுவது இந்த இம்மியைத்தான்.

அடுத்தது இணைப்பு. இங்கேதான் நான் முதலில் தப்பு செய்தேன். இரண்டு எல்இடிகளைப் பக்க இணைப்பில் போட்டு, ஒரே ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்தேன். ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் எரிந்தது. மங்கலானது மட்டம் என்று ஒதுக்கி வைத்தேன். உண்மையில் அதன் மீது ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு எல்இடிக்கும் தேவைப்படும் வோல்டேஜ் கொஞ்சம் முன்பின் இருக்கும். பக்க இணைப்பில் குறைந்த வோல்டேஜ் கேட்பது மின்னோட்டத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒப்பிட வேண்டிய இரண்டையும் தொடரிணைப்பில் போடுங்கள். ஒன்றின் வழியாகப் போகும் அதே மின்னோட்டம்தான் மற்றதன் வழியாகவும் போக முடியும். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் சமமான மின்னோட்டம் கிடைத்துவிடுகிறது. பேட்டரி இறங்கினாலும் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் இறங்கும்.

கணக்கு எளிது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியரில் ஏறக்குறைய 3.1 வோல்ட் வேண்டும். இரண்டுக்கு 6.2. பேட்டரி 9 வோல்ட். மிச்சம் 2.8 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டரில் விட்டால் 18 அல்லது 19 மில்லி ஆம்பியர் ஓடும். 150 ஓமின் பட்டைகள் பழுப்பு, பச்சை, பழுப்பு. எல்இடியின் நீண்ட கால் பாசிட்டிவ். திருப்பிப் போட்டால் எரியாது, அதோடு கெட்டுப் போகவும் வாய்ப்புண்டு. பேட்டரியிலிருந்து வரும் வயர்களை ஒரு முழத்துக்கு மேல் நீளமாக விட்டு, நுனியில் முதலைக் கிளிப் போட்டுக்கொண்டால் எல்இடிகளை நகர்த்தவும் மாற்றவும் வசதி. மல்டிமீட்டர் இருந்தால் நடுவில் வைத்து மின்னோட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைத்தாயிற்று. முதலில் இரண்டையும் அப்படியே சுவரில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடித்துப் பாருங்கள். அளக்க வேண்டாம், வெறுமனே பார்த்தால் போதும். என் பாக்கெட்டுகளில் ‘அ’ சுவரில் ஒரு ரூபாய் வட்டம் மாதிரி கூர்மையான புள்ளி போட்டது. ‘ஆ’ தோசைக்கல் அளவுக்குப் பரப்பியது. புள்ளியின் நடுவே நீலமும் ஓரத்தில் மஞ்சள் வளையமும் தெரிந்தன. நேராக வெளியேறும் நீல ஒளி பாஸ்பருக்குள் குறைந்த தூரம்தான் போகிறது. சாய்வாகப் போவது அதிக தூரம் போய், அதிகமாக மஞ்சளாகிறது. வளையத்துக்குக் காரணம் அதுதான். ஆகவே சாயலைப் பற்றிப் பேசும்போது புள்ளியின் எந்த இடம் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் பேச்சுக்கே அர்த்தமில்லை.

இந்த இடத்தில் எல்லாரையும் ஏமாற்றும் ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 5 மில்லிமீட்டர் எல்இடிகளை மில்லி கேண்டெலா கணக்கில் விற்பார்கள். 20,000 என்று போட்டிருப்பது 8,000 என்று போட்டிருப்பதைவிடப் பலமானது என்றுதான் யாருக்கும் தோன்றும். கேண்டெலா என்பது ஒரு திசையில் எவ்வளவு தீவிரம் என்பதை மட்டுமே சொல்கிறது. மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பது லூமென். 20,000 மில்லி கேண்டெலாவை 15 டிகிரி கூம்புக்குள் தரும் எல்இடி, கூம்பு முழுக்கச் சீராகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1.1 லூமென் தருகிறது. 8,000 மில்லி கேண்டெலாவை 30 டிகிரிக்குள் தருவது 1.7 லூமென். எண்ணில் சின்னதாக இருந்தது ஒளியில் ஒன்றரை மடங்கு பெரிது. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும், ஆனால் தண்ணீர் கூடிவிடாது. கதை அதேதான்.

மொத்த ஒளியை ஒப்பிட வேண்டுமானால் புள்ளியின் வடிவத்தை அழிக்க வேண்டும். இதற்கு நான் கண்ட மிக நல்ல பொருள் டேபிள் டென்னிஸ் பந்து. ஒரே கம்பெனியின் வெள்ளைப் பந்து இரண்டு வாங்கி, இரண்டிலும் சூடான ஊசியால் 5 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். பழைய செல்லுலாய்டு பந்தாக இருந்தால் சூடு காட்டாதீர்கள், சட்டென்று தீப்பற்றிவிடும். அதற்குத் துளைப்பான்தான் சரி. ஒரு பாட்டில் மூடியில் எல்இடியை மேல்நோக்கி நிறுத்தி, அதன்மேல் பந்தைக் கவிழ்த்து வையுங்கள். ஒளி பந்தின் உள்சுவரில் பலமுறை மோதிச் சிதறி, பந்து முழுவதும் நிலா மாதிரி ஒளிரும். உச்சியில் மட்டும் கொஞ்சம் கூடுதல் பிரகாசம் இருக்கும். நாம் பார்க்கப்போவது பந்தின் பக்கவாட்டு ஒளியைத்தான் என்பதால் அது பெரிதாக இடைஞ்சல் செய்யாது. பத்து சதவீதம் முன்பின் பிழை வரலாம். டார்ச் செய்ய அந்தத் துல்லியம் போதும்.

இப்போது அளவை. இந்த முறைக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் பிறந்து பவேரியா அரசிடம் வேலை பார்த்த பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்டவர், மியூனிக் நகரத்தின் பெரிய தொழிற்கூடம் ஒன்றுக்குக் குறைந்த செலவில் விளக்கேற்றும் வழியைத் தேடினார். எந்த விளக்கு சிக்கனம் என்று அளக்க அவர் வகுத்ததுதான் நிழல் ஒளிமானி. 1794ல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அதன் அழகு இதுதான்: நம் கண்ணால் ‘இது அதைவிட இத்தனை மடங்கு’ என்று சொல்லவே முடியாது. ‘இரண்டும் சமம்’ என்பதை மட்டும் அபாரமாகச் சொல்லும். ரம்ஃபோர்டு கண்ணிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்.

இருட்டு அறையில் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளை நிமிர்த்தி ஒட்டுங்கள். அதற்கு 3 சென்டிமீட்டர் முன்னால் ஒரு பருமனான மார்க்கர் பேனாவை நிறுத்துங்கள். முதலில் நான் பென்சிலைத்தான் வைத்தேன். பந்து பெரிது, பென்சில் ஒல்லி என்பதால் நிழல் பஞ்சுபோல மங்கிப்போய் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பந்துகளையும் பேனாவுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமுமாக, தாளிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரே சாய்வில் வையுங்கள். தாளில் இரண்டு நிழல்கள் விழும். பந்துகளைக் கொஞ்சம் நெருக்கியோ விலக்கியோ இரண்டு நிழல்களும் பக்கத்தில் பக்கத்தில் தொட்டுக்கொள்ளும்படி செய்யுங்கள். இடப்பக்க எல்இடியின் நிழல் விழும் இடத்தில் வலப்பக்க எல்இடியின் ஒளி மட்டும் விழுகிறது. வலப்பக்கத்தின் நிழலில் இடப்பக்கத்தின் ஒளி மட்டும். எந்த நிழல் கருமையோ அதற்கு ஒளி கொடுப்பதுதான் பலவீனமான எல்இடி. மற்றதைத் தாளிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் இரண்டு நிழல்களும் ஒரே கருமையாகி, நடுவிலுள்ள கோடு கரைந்துபோகும். அங்கே நிறுத்தி, பந்தின் நடுவிலிருந்து தாள் வரை அளவெடுங்கள்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. எனக்கு ‘அ’ 30 சென்டிமீட்டரில் இருந்தபோது ‘ஆ’ 34ல் சமமாயிற்று. 34ஐ 30ஆல் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கினால் 1.28. சுவரில் பரவலாக, மங்கலாகத் தெரிந்த ‘ஆ’ உண்மையில் ‘அ’வைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல் ஒளி தருகிறது. இதே இரண்டையும் முன்னால் மாறி மாறி ஏற்றிப் பார்த்து ‘அ’தான் பலம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். பிறகு எல்இடிகளை மட்டும் பந்து மாற்றி, இடம் வலமாக வைத்து இன்னொரு ஐந்து தடவை. பந்திலோ சுவரின் பிரதிபலிப்பிலோ ஒரு பக்கச் சாய்வு இருந்தால் இப்படி மாற்றும்போது அது வெளிப்பட்டுவிடும். அறைக்குள் போனதும் பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். எரியும் எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணில் மிதக்கும் அந்தப் புள்ளி போகும்வரை எந்த அளவும் செல்லாது. லக்ஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் வேறொரு சுலப வழியும் செய்யலாம்: டார்ச்சை வெள்ளைக் கூரையை நோக்கி அடித்து, மீட்டரைத் தரையில் வைத்துப் படிப்பது. முழு டார்ச்சுகளை ஒப்பிட அது நல்ல வழி. ஆனால் மலிவான மீட்டர்கள் கண்ணைப் போல நிறங்களை எடைபோடுவதில்லை. மஞ்சள் சாயல் உள்ளதையும் நீலச் சாயல் உள்ளதையும் ஒப்பிடும்போது அவை தப்பாகச் சொல்லலாம். ஒரே சாயல் உள்ளவற்றுக்கு மட்டும் நம்புங்கள்.

நிழல்களைச் சமப்படுத்தும்போதே ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். ஒரு நிழல் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் தெரியும். தனியே பார்த்தால் இரண்டும் வெள்ளையாக இருந்த எல்இடிகள் இவை. நிறமுள்ள நிழல்களை ரம்ஃபோர்டும் கவனித்து வியந்து எழுதினார். நம் கண் எந்த வெளிச்சத்தில் இருந்தாலும் ஓரிரு நிமிடத்தில் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். குண்டு பல்பு வெளிச்சத்தில் வேட்டி வெள்ளையாகத்தான் தெரிகிறது, டியூப்லைட்டிலும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. இரண்டு வெளிச்சமும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டுமே கண் தடுமாறி உண்மையைச் சொல்லும். அதனால் ஒன்றை எரித்து அணைத்துவிட்டு அடுத்ததை எரித்துச் சாயல் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், அவர் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை.

சாயலுக்கு நிழலைவிடப் பந்துகளே மேல். நிழலில் வெளிச்சம் குறைவு, குறைந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. இரண்டு பந்துகளையும் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து நேராகப் பந்துகளையே பாருங்கள். இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, எது மஞ்சள் பக்கம், எது நீலப் பக்கம்? இதைத்தான் கெல்வின் கணக்கில் சொல்கிறார்கள். வீட்டுக் குண்டு பல்பு 2,700 கெல்வின், நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 5,500, கடைகளில் கூல் வொயிட் என்று விற்பது 6,500 பக்கம். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை: எது பச்சைப் பக்கம், எது இளஞ்சிவப்புப் பக்கம்? இரண்டு எல்இடிகள் ஒரே கெல்வினாக இருந்தும் ஒன்று பச்சையாகவும் ஒன்று ரோஜா நிறமாகவும் இருக்கலாம். சூடான கம்பியும் சூரியனும் தரும் இயல்பான வெள்ளைகளின் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை டியுவி என்ற எண்ணால் சொல்வார்கள். அது பூஜ்யத்துக்கு மேலே போனால் பச்சை, கீழே போனால் இளஞ்சிவப்பு. டேட்டாஷீட்டில் கெல்வின் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண்ணை நாமாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பத்து எல்இடிகளையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்த ஒரு வழி: எல்லாவற்றிலும் நடுவாகத் தெரியும் ஒன்றைச் சாட்சி எல்இடியாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பந்தில் நிரந்தரமாக இருக்கட்டும். மற்றவை ஒவ்வொன்றாக அடுத்த பந்துக்குள் வந்து போகட்டும். ஒவ்வொன்றுக்கும் நேராகச் ‘சாட்சியைவிடப் பச்சை, கொஞ்சம் மஞ்சள்’ என்று குறித்துக்கொண்டே போனால் அரை மணியில் பாக்கெட்டின் முழுக் குணமும் தெரிந்துவிடும். என் ‘இ’ பாக்கெட்டில் பத்தில் நான்கு தெளிவாகப் பச்சை. மற்ற ஆறும் சாட்சியோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. டார்ச்சில் பல எல்இடிகளைச் சேர்த்து வைப்பதாக இருந்தால் இந்த வரிசை இல்லாமல் வேலையே நடக்காது.

எந்த வெள்ளைப் பரப்பில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சொட்டு நீலம் போட்ட வேட்டி வேண்டாம். நீலம் கலந்து அடித்த சுண்ணாம்புச் சுவரும் வேண்டாம். அச்சுத் தாளில் பளீர் என்று காட்ட ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அது புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். வெயிலில் பார்க்கும்போது அந்தத் தாளுக்கு இருக்கும் பளிச்சு, புற ஊதா இல்லாத எல்இடியில் இருக்காது. பளபளப்பில்லாத ஓவியத் தாள்தான் எனக்குச் சரிப்பட்டது.

போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டு எல்இடியும் ஒரே படத்தில் வர வேண்டும். போனில் வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 5,000 கெல்வினில் நிறுத்துங்கள். எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் கேமராவும் நம் கண்ணைப் போலவே எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும்.

பிறகு மின்னோட்டத்தை மாற்றிப் பாருங்கள். 150 ஓமை எடுத்துவிட்டு 1,500 ஓம் போட்டால் 2 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கும். வெளிச்சம் மட்டும் குறையாது, சாயலும் நகரும். மின்னோட்டம் கூடக்கூட நீலச் சில்லின் ஒளி குறைந்த அலைநீளம் பக்கம் நகர்வதால், பல எல்இடிகள் குறைந்த மின்னோட்டத்தில் பச்சையாகவும் அதிகத்தில் நீலமாகவும் தெரியும். டார்ச்சை எந்த அளவில் எரிக்கப்போகிறீர்களோ அந்த மின்னோட்டத்தில்தான் சாயலைத் தீர்மானிக்க வேண்டும். சூடும் அப்படித்தான். ஏற்றியதும் இருக்கும் வெளிச்சம் ஐந்து நிமிடம் கழித்து இருக்காது. டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரநிலை எஃப்எல்1கூட ஏற்றி 30 நொடிக்குப் பிறகுதான் லூமென் அளக்கச் சொல்கிறது. அதே தரநிலையில்தான் டார்ச் எட்டும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம். அது முழுநிலா வெளிச்சம் அளவுதான். பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் நிலா வெளிச்சம் விழுகிறது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது ஒளியின் முகத்தை. அது பொருள்மேல் பட்டால் என்ன ஆகிறது என்பதுதான் பெரியப்பாவின் கேள்வி. ஒரு தட்டில் தக்காளி, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் குங்குமம், ஒரு துண்டு செம்புக் கம்பி எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் என் உள்ளங்கை. பந்தைக் கழற்றிவிட்டு, தட்டை நடுவே ஒரு அட்டையால் மறைத்து ஒரு பாதியில் ஒரு எல்இடி, மறு பாதியில் இன்னொன்று. ‘இ’யின் பச்சை எல்இடியில் தக்காளி செங்கல் நிறமானது. குங்குமம் பழுப்பாகி அழுக்குத் தட்டியது. கை நோயாளியின் கை மாதிரி இருந்தது. சர்க்யூட் வேலை செய்பவர்களுக்கு இன்னும் நல்ல பரீட்சை ஒன்று உண்டு: ரெசிஸ்டர்களைக் கொட்டி, பழுப்புப் பட்டை, சிவப்புப் பட்டை, ஆரஞ்சுப் பட்டை மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

காரணத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய சிடி போதும். எல்இடி ஒளியை மெல்லிய இடுக்கு வழியாக விட்டு, சிடியைச் சாய்த்துப் பிடித்தால் நிறங்கள் பிரிந்து தெரியும். நீலத்தில் கூர்மையான ஒரு பட்டை, அடுத்து 480 நானோமீட்டர் பக்கம் இருட்டாக ஒரு பள்ளம், பிறகு பச்சையிலிருந்து மஞ்சள்வரை அகலமான மேடு, ஆழ்ந்த சிவப்பு வரும் இடத்தில் ஒளி வற்றிப்போயிருக்கும். குண்டு பல்பை அதே இடுக்கில் வைத்தால் நீலம் ஒல்லியாகவும் சிவப்பு வழிந்தும் இருக்கும். இல்லாத சிவப்பைத் தக்காளி எங்கிருந்து திருப்பிக் காட்டும்?

பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் அந்த எண், எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, அது அந்தச் சராசரியில் சேராது. 80 வாங்கிய எல்இடியின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம். இன்னொன்றும் எனக்கு மனவருத்தம் தரும் விஷயம்: லூமென் என்ற அளவே பச்சைக்குச் சாதகமானது. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதிகம் கூர்மை. அதே ஆற்றலைப் பச்சையாகக் கொடுத்தால் லூமென் கூடும், சிவப்பாகக் கொடுத்தால் குறையும். சிவப்புப் பாஸ்பர் சேர்த்து நிறம் சரியாகக் காட்டும் எல்இடி, பெட்டியில் போடும் எண்ணில் தோற்கும். பச்சைச் சாயல் உள்ளது ஜெயிக்கும். எண்ணைப் பார்த்து வாங்கும் வரை நமக்குப் பச்சைதான் வந்து சேரும். பெரியப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அப்படித்தான்.

டார்ச்சுக்கு 5 மில்லிமீட்டர் போதாது. 1 வாட் எல்இடி, அலுமினியத் தட்டில் ஒட்டி வருவது, வாங்கினேன். 4,000 கெல்வினில் சாதாரணமானது ஒன்று, சிஆர்ஐ 90க்கு மேல் என்று குறித்தது ஒன்று, 6,500ல் ஒன்று. செய்முறை மாறவில்லை. இரண்டிரண்டாகத் தொடரிணைப்பில், 300 மில்லி ஆம்பியர் டிரைவர் வழியாக. ஹீட் சிங்க் மட்டும் கட்டாயம். அது இல்லாமல் சிறிது நேரம் எரித்தாலே சூடேறி ஒளி சரியும், பிறகு எல்இடியே போய்விடும். நிழல் ஒளிமானியில் 6,500தான் முதலிடம். சிஆர்ஐ 90 கடைசி, முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒளி. தட்டில் வைத்த தக்காளியிடம் கேட்டால் வரிசை தலைகீழ்.

கடைசிப் பரீட்சையை வீட்டுக்குள் செய்ய முடியாது. மூன்றையும் டார்ச்சுகளில் பொருத்தி எடுத்துப் போனேன். ஊரில், மா மரத்தடியில் காய்ந்த சருகு கனமாகக் கிடக்கும் இடத்தில், ஒரு பாகம் நீளத் தேங்காய்நார்க் கயிற்றை அப்பா எங்கோ போட்டுவிட்டு வந்தார். எங்கே என்று எனக்கோ பெரியப்பாவுக்கோ தெரியாது. மேகம் மூடிய இரவு. நிறத்தை விட்டுவிட்டு வெறும் வெளிச்சத்தை மட்டும் கேட்டால் இருட்டில் 6,500க்கு ஒரு அனுகூலம் உண்டு. வெளிச்சம் மங்கும்போது கண் நீலப்பச்சைப் பக்கம் கூர்மையாகிறது. செக் நாட்டு அறிஞர் பர்கின்யே 1819ல் பூக்களைப் பார்த்துக் கவனித்தது அது. தூரத்து வேலியை 6,500தான் முதலில் காட்டியது. காலடியிலிருந்து ஐந்து ஆறு மீட்டருக்குள் அந்த அனுகூலம் பயன்படவில்லை. சருகும் கயிறும் ஒரே சாம்பல் கலந்த மஞ்சளாகப் பரந்து கிடந்தன.

பெரியப்பா மூன்று டார்ச்சையும் மாற்றி மாற்றி அடித்தார். மூன்றாவதை, வெளிச்சம் குறைந்த அந்த சிஆர்ஐ 90ஐ, இடமிருந்து வலமாக ஒருமுறைதான் வீசினார். சருகு செம்பழுப்பில் தனித்தனி இலையாகப் பிரிந்து நின்றது. நடுவே நார்க் கயிறு வேறொரு பழுப்பில், வளைந்து, ஒரு முனை வேருக்கடியில் நுழைந்து கிடந்தது.

“அந்தா கெடக்கு” என்றார். டார்ச்சை அணைக்காமல் அப்படியே மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். மின்சாரம் வந்திருந்தது.